சுண்டுவிரலுக்கு இடம்

பெங்களூர் தண்டு
1917 பிப்ரவரி 6

கலீமுல்லாவுக்கு இருதயராஜ் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. என் தம்பி அந்தோணி நலமாக இல்லை. பட்டாளத்தில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, நான் டிரெஸ்ஸராக வேலை பார்க்கும் இதே பட்டாள ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடக்கிறான். ஊரார் காலுக்கெல்லாம் கட்டுப் போட்ட கையால் சொந்தத் தம்பி காலுக்கும் போட்டாயிற்று.

மூட்டையும் துப்பாக்கியும் சுமக்க வைத்துத் தினமும் நடத்துகிறார்கள். இடது காலில், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைத் தொட்டாலே அலறுகிறான். எங்கள் பெரிய டாக்டர் மேஜர் துரை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடிக்கிறான் என்று எழுதிவிட்டார். "அண்ணே, நான் நடிக்கலண்ணே, கால கீழ வெக்கவே முடியல" என்று என்னிடம் அழுகிறான். வார்டில் பாதிப் பேர் இவனைப் போலத்தான். ஒருவனுக்குச் சுண்டுவிரல் நசுங்கிச் சீழ் பிடித்திருக்கிறது, இன்னொருவனுக்கு நகமே கழன்றுவிட்டது.

ஈஸ்டர் முடிந்ததும் அதிகாரிகள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். காயம் என்று முடிவானால் கால் தேறும்வரை இலகுவான வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். நடிப்பு என்று முடிவானால் கெட்ட பெயரோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். பட்டாளத்தை ஏமாற்றப் பார்த்தவன் என்று ஆயுசுக்கும் ஊரில் சொல்வார்கள்.

அவன் பூட்ஸுக்குள் கை விட்டுப் பார்த்தேன். முன்பக்கம் குறுகல். பாதம் படுகிற உள்தோல் பலகை மாதிரி விறைப்பு. நாக்குத் தோலைத் திருப்பினால் பிறை போட்ட உன் பட்டறை முத்திரை.

வாணியம்பாடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம் என்பதற்காகக் கேட்காமல் விடமாட்டேன். நீ செய்த பூட்ஸை நீ ஒரு நாளாவது போட்டு நடந்திருக்கிறாயா?

இருதயராஜ்

*

786
ஆம்பூர்
1917 பிப்ரவரி 11

இருதயராஜ்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் பிரித்தது என் தப்பு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "யாராச்சும் மவுத்தா?" என்று என் பீவி ஹலீமா பயந்துபோய்க் கேட்டாள்.

இல்லை ஐயா, நான் பூட்ஸ் போட்டு நடந்ததில்லை. ஆம்பூரில் யார் நடந்திருக்கிறார்கள்? பள்ளிவாசல் படியில் செருப்பை உதற வேண்டும், வீட்டு வாசலில் உதற வேண்டும். இதில் எவன் உட்கார்ந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருப்பான்?

ஆனால் நீ கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. என் இஷ்டத்துக்கா தைக்கிறேன்? சர்க்கார் ஒரு ஜோடி பூட்ஸை அரக்கு முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறது. பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பெயர் 'மாதிரி'. காலின் வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டைகளையும் அவர்களே கொடுத்தார்கள். அந்தக் கட்டைமேல்தான் தோலை இழுத்துத் தைக்க வேண்டும். மாதிரியிலிருந்து ஒரு நூல் விலகினால் இன்ஸ்பெக்டர் வண்டியோடு திருப்பி அனுப்புவார்.

கட்டையைச் செதுக்கியவன், பிறந்ததிலிருந்து ஷூவுக்குள்ளேயே வளர்ந்த காலைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். நம் ஆட்களின் கால் வெறுந்தரையில் வளர்ந்து இஞ்சிக் கிழங்கு மாதிரி விரிந்த கால். இது எனக்குத் தெரியாதா? தெரிந்து யாரிடம் சொல்ல? மனு எழுதிப் போட்டேன். 'மாதிரிப்படி செய்யவும்' என்று ஒரு வரி வந்தது. இன்னொரு மனு போட்டேன். அதே வரி வந்தது.

அந்தோணி நடிக்கிறானாம்! வழியில் ஒரு இடத்திலும் உட்காராமல் ஏலகிரி ஏறுகிறவன் அவன். அவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னவர்மேல் எனக்கு வரும் கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

நம் சண்டையைப் பிறகு போடலாம். எனக்கு அவர்களுடைய கால்களை வரைந்து அனுப்பு. தாள்மேல் நிற்க வைத்து, முதுகில் மூட்டையையும் ஏற்றி, பென்சிலால் சுற்றி வரை. உட்கார வைத்து வரைந்துவிடாதே. பாரம் ஏறினால்தான் பாதம் விரியும்.

கலீமுல்லா

*

பெங்களூர் தண்டு
1917 மார்ச் 2

கலீமுல்லா,

வரைந்தவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வார்டில் உள்ளவர்களை வரையவில்லை, வீங்கிய காலை வைத்து நீ என்ன செய்வாய்? சிப்பாய்கள் தங்கும் லைனில் இருக்கும் நல்ல கால்களைத்தான் வரைந்தேன். பூட்ஸைக் கழற்று, மூட்டையைத் தூக்கு, தாள்மேல் நில் என்றதும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். அந்தோணியுடையது வலது கால் மட்டும்தான். இடது காலில் அவனால் நிற்க முடியவில்லை.

மேஜர் துரை வந்துவிட்டார். தரையில் மண்டியிட்டு ஒருவன் கட்டைவிரலைச் சுற்றி வரைந்துகொண்டிருந்தேன். "ஓவியம் கற்றுக்கொள்கிறாயா?" என்றார். பூட்ஸின் குறை என்று விளக்கினேன். இதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு தாம் நாள் முழுக்க நடந்ததாகச் சொன்னார். கெட்டவர் இல்லை, கலீமுல்லா. காலரா வந்தபோது எங்களோடு ராப்பகலாக நின்றவர். ஆனால் தம் கால் போலத்தான் எல்லார் காலும் இருக்கும் என்று நம்புகிறார். அதை அசைக்க முடியவில்லை.

கடைசியில் பாதி கேலியாக ஒன்று சொன்னார். உன் ஆம்பூர் தோஸ்த் வேறு மாதிரி செய்து அனுப்பட்டும், விசாரணைக்கு முன்னால் ஒரு நாள் நடத்திப் பார்க்கிறேன், பூட்ஸ் மேலானது என்றால் உன் தம்பியின் கதையையும் திரும்ப யோசிக்கிறேன் என்றார்.

இந்த ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. கெடுத்துவிடாதே.

இருதயராஜ்

*

786
ஆம்பூர்
1917 மார்ச் 23

என் அருமை தோஸ்த்,

கேட்டாயே, பூட்ஸ் போட்டு நடந்திருக்கிறாயா என்று. நடந்தேன்!

முதலில் மாதிரிப்படி தைத்ததைப் போட்டுக்கொண்டு விண்ணமங்கலம் வரை போனேன். திரும்பி வந்தது மாட்டு வண்டியில். ஹலீமா வெந்நீர் வைத்துக் கொடுத்து, "ஊர் காலயெல்லாம் கெடுத்தீங்க, இப்ப தான் ஒங்க கால் மொறை" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைப் போட்டுக்கொண்டா அந்தப் பிள்ளைகள் தினமும் நடக்கிறார்கள்?

உன் படங்களைப் பார்த்துப் புதுக் கட்டை செதுக்க வைத்தேன். சுண்டுவிரல் பக்கம் அகலம் ஜாஸ்தி, குதிகால் பக்கம் கம்மி. உள்தோலுக்கு ஆவாரம்பட்டையில் பதமான கனத்த தோலை எடுத்து, புங்க எண்ணெய் ஊற்றி, வளைகிற மட்டும் பிசைந்தோம். எலும்பு ஊன்றுகிற இடத்தில் குதிரைச் சேணத்துக்கு அடியில் போடும் மெத்தென்ற நமுதாவில் ஒரு துண்டு வைத்து மேலே மெல்லிய தோலால் மூடினேன். ஆணி நுனி எந்தப் பக்கமும் தலை காட்டாது.

பிறகு அதைப் போட்டுக்கொண்டு, முதுகில் ஒரு மூட்டை உப்பையும் கட்டிக்கொண்டு ஏலகிரி ஏறினேன். மலையில் விறகு வெட்டுகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூச்சு வாங்கியது, முதுகு போனது, ஆனால் காலில் ஒரு கொப்புளம் இல்லை! இறங்கி வந்து ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் பூட்ஸைக் கழற்றி, என் காலை நானே உற்றுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஜோடிகளை ரயிலில் ஏற்றிவிட்டேன். அந்தோணியிடம் சொல், அவன் ஏலகிரிதான் அவனுக்குச் சாட்சி சொல்லப் போகிறது.

கலீமுல்லா

*

பெங்களூர் தண்டு
1917 ஏப்ரல் 17

கலீமுல்லா,

எல்லாம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன், வாசித்துக்கொள்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள், நான் வரைந்த ஆட்களுக்கு உன் பூட்ஸைக் கொடுத்து நடத்தினார்கள். மேஜர் குதிரையில் கூடவே வந்தார். மூன்றாவது மைலில் ஒருவன் உட்கார்ந்தான். அல்சூர் ஏரி வருவதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பழைய பூட்ஸைவிட இது இறுக்கமாம். உன் கனத்த உள்தோல் மேலே தூக்க, தோல் மேலிருந்து அமுக்க, நடுவில் கால் நசுங்கியிருக்கிறது.

ஏன் தெரியுமா? பட்டாளத்தில் எல்லாரும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் பூட்ஸ் போடுவார்கள். பஞ்சு மெத்தை மாதிரி தடிமன் அது. நீ காலுறை போட்டுக்கொண்டா ஏலகிரி ஏறினாய்? வெறுங்காலில் ஏறிவிட்டுக் கொப்புளம் இல்லை என்று எனக்குக் கொண்டாட்டமாகக் கடிதம் எழுதினாய்!

இதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். விசாரணையில் மேஜர் இதையே எடுத்து வைத்தார். பூட்ஸை மாற்றிக் கொடுத்தும் இவர்கள் உட்காருகிறார்கள், ஆகவே கோளாறு பூட்ஸில் இல்லை, மனதில்தான் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தோணியை நடிப்புக்காரன் என்று எழுதி நீக்கிவிட்டார்கள். நீ ஒன்றும் அனுப்பாமல் இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகத்தின் பேரிலாவது தப்பியிருப்பான்.

வரும் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஊருக்கு வருகிறான். அவன் கண்ணில் படாமல் இரு.

இருதயராஜ்

*

786
ஆம்பூர்
1917 ஏப்ரல் 22

இருதயராஜ்,

காலுறையா? எந்தக் காலுறை? உன் எந்தக் கடிதத்தில் அந்த வார்த்தை இருக்கிறது, காட்டு பார்ப்போம்! அத்தனை கால்களை வரைந்தாயே, எல்லாம் வெறுங்கால். பூட்ஸைக் கழற்றச் சொன்னாய், காலுறையையும் கழற்றச் சொல்லி வரைந்தாய். தினமும் அதைக் கண்ணால் பார்க்கிற உனக்கே தோன்றவில்லை. ஆம்பூர் வெயிலில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கனவா வரும், மனிதர்கள் காலில் கம்பளி சுற்றிக்கொள்வார்கள் என்று? நான் கம்பளியைச் சளி பிடித்தால் கழுத்தில் சுற்றுவேன். அவ்வளவுதான் எனக்கும் கம்பளிக்கும் பழக்கம்.

எழுதிவிட்டேன். எழுதியும் ஆத்திரம் ஆறவில்லை, ஏனென்றால் உன்மேல் மட்டும் அது இல்லை.

நீ சொன்னதைக் கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். தம்பி இறங்கினான். பெட்டியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே தனியாக நடந்து போனான். நான் பின்னாலேயே உங்கள் மாதா கோயில் தெரு முனைவரை போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு காலுறை அனுப்பு. ஒன்றே ஒன்று போதும்.

கலீமுல்லா

*

பெங்களூர் தண்டு
1917 மே 24

கலீமுல்லா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ சொன்னது சரி. வரைந்தது நான். காலுறையைக் கழற்றச் சொன்னதும் நான். அளவு சுத்தமாக இருக்க வேண்டுமாம் எனக்கு.

ஒரு காலுறை இத்துடன் இருக்கிறது. துவைத்தது. இதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு சோதனை என்ற பேச்சை எடுத்தேன். அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் என்னையும் தம்பி போன வழியே அனுப்புவதாக மேஜர் சொல்லிவிட்டார். மாதிரிப்படிதான் பூட்ஸ் வரும், மாதிரிப்படிதான் கால் உடையும்.

இருதயராஜ்

*

786
ஆம்பூர்
1917 ஜூலை 4

தோஸ்த்,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. நோன்பு நேரத்தில் பொய் சொல்லக்கூடாது என்பதால் உனக்காவது உண்மையை எழுதிவிடுகிறேன்.

புதுக் கட்டை செதுக்கினால்தானே வம்பு? சர்க்கார் கட்டையையே வைத்துக்கொண்டேன். சுண்டுவிரல் பக்கமும் விரல்களின் மேலேயும் தோல் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, கட்டையைக் கொஞ்சம் கொழுக்க வைத்தேன். காலுறைக்கும் சேர்த்து இடம் விட்டாயிற்று. அதன்மேல் தைத்தால் பூட்ஸ் உள்ளே அகலம், வெளியே பார்த்தால் மாதிரியின் தம்பி. தைத்து முடித்ததும் துண்டுகளைப் பிய்த்துவிட்டால் கட்டை பழையபடி சர்க்கார் கட்டை. உள்தோலில் நமுதாவை இன்னும் மெலிதாக்கி அடியில் ஒளித்தேன். சுவரில் தொங்கும் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு துணியைப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நீளம் அளந்தார், அடித்தோல் கனம் பார்த்தார், ஆணியை எண்ணினார், தையலை நகத்தால் கீறினார். "மாதிரிப்படி இருக்கிறது" என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். அவர் போகும்வரை என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிடிபட்டால் ஒப்பந்தம் போவதோடு நிற்காது, சண்டைக் காலத்தில் சர்க்காரை ஏமாற்றியவன் என்று வேலூர் ஜெயிலுக்கே அனுப்புவார்கள்.

போட்டுப் பார்த்த கால் யாருடையது தெரியுமா? உன் தம்பியுடையது. எலும்பு கூடிவிட்டது. நீ அனுப்பிய காலுறையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கே போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலுறையை அவன் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பட்டறை வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பூட்ஸைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு போனான், சாணாங்குப்பம்வரை போய்த் திரும்பி வந்து, வந்த நாளிலிருந்து என்னிடம் பேசாதவன் பேசினான். "பாய், சுண்டு வெரலுக்கு இன்னும் கொஞ்சம் எடம் வுடு."

விட்டேன்.

கலீமுல்லா

*

பெங்களூர் தண்டு
1917 அக்டோபர் 9

கலீமுல்லா,

உன் பூட்ஸ் ஆவணி மாதத்திலிருந்து எல்லாருக்கும் வந்துவிட்டது. என் வார்டில் கட்டில்கள் காலி. கால் வலி என்று வருகிறவன் எப்போதாவது ஒருவன். நீ ஜெயித்துவிட்டாய். இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

நேற்று மேஜர் என்னைக் கூப்பிட்டார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறாராம். கால் காயங்கள் அடியோடு குறைந்ததற்குக் காரணமும் எழுதியிருக்கிறாராம். என் தோளைத் தட்டி, அன்பாகத்தான் சொன்னார்: "உன் தம்பியைத் துரத்தியதும் எல்லார் காலும் எப்படி நேராகிவிட்டது பார். கஷ்டமான முடிவு, ஆனால் நல்ல பாடமாகிவிட்டது."

நான் "எஸ் சார்" என்றேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. வெளியே வந்து மருந்து அறையில் நின்று என் வாயை நானே அறைந்துகொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்தோணியின் பெயர் துலங்கும். ஆனால் பூட்ஸ் மாறியதால்தான் கால்கள் தேறின என்று சொல்ல வேண்டுமானால், பூட்ஸ் மாறியதைச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷமே எல்லாவற்றையும் பிடுங்கி, பழையதை மாட்டிவிடுவார்கள். உன்னையும் பிடித்துக்கொள்வார்கள். இந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் சண்டைக்காகப் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறப் புறப்படுகிறார்கள். அங்கே மணலில் எவ்வளவு நடக்க வேண்டுமோ!

மனுவை மனதுக்குள் எழுதி எழுதி அழிக்கிறேன். தம்பிக்கு நியாயம் செய்யவா, இவர்கள் காலைக் காப்பாற்றவா? சம்பந்தப்பட்டவன் அவன். அவனையே கேள்.

இருதயராஜ்

*

786
ஆம்பூர்
1917 அக்டோபர் 11

இருதயராஜ்,

கேட்டேன். இப்போது என் பட்டறையில்தானே வேலை செய்கிறான், அங்கேயே உன் கடிதத்தை அப்படியே வாசித்தேன். மேஜர் சொன்ன இடம் வந்ததும் கையிலிருந்த சுத்தியலைச் சுவரில் எறிந்தான். மாதிரி பூட்ஸ் அறுந்து கீழே விழுந்தது.

"எழுதச் சொல்லு பாய்! அண்ணன எல்லாத்தயும் எழுதச் சொல்லு! என்னத் தொரத்துனதால காலு நேராச்சா? அவன் எழுதுவான், நான் தல குனிஞ்சிக்கினே திரியணுமா?" என்று கத்தினான். உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். அவனுக்குப் பேசியிருந்த வாணியம்பாடிப் பெண்ணை அவர்கள் தர மறுத்துவிட்டார்கள். பட்டாளத்தில் நடித்து மாட்டிக்கொண்டவனுக்கா கொடுப்போம் என்று சந்தையில் வைத்தே கேட்டிருக்கிறார்கள்.

நான் எழுதச் சொல்கிறேன் என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். ஹலீமா கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆனாலும் மனதார எழுதுகிறேன்: ஜெயில் என்றால் ஜெயில், நீ எழுது.

அந்தோணி எறிந்த சுத்தியலைப் பொறுக்கி எடுத்தான். பிறகு, "வெள்ளிக்கெழம போறவனுங்க எந்த பூட்ஸ்ல போறானுங்க?" என்றான்.

"நம்மளதுலதான்."

"வழியில புடுங்கிடுவாங்களா?"

"தெரிஞ்சா புடுங்குவாங்க."

விழுந்த மாதிரியை எடுத்துத் திரும்பச் சுவரில் மாட்டினான். "அப்ப இந்தக் கப்பல் போவட்டும் பாய். போனதும் எழுதச் சொல்லு."

கலீமுல்லா

*

பெங்களூர் தண்டு
1917 டிசம்பர் 19

கலீமுல்லா,

அக்டோபர் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மனுவை எழுதி, என் பெட்டியில் வேதபுத்தகத்துக்கு அடியில் வைத்தேன். தபாலில் சேர்க்கப் போன நாளில் அடுத்த கூட்டம் வந்து இறங்கியது. திருச்சிப் பக்கத்துப் பையன்கள். வெறுங்காலோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். விரல்கள் எல்லாம் நீ சொன்ன இஞ்சிதான். பொங்கலுக்குள் இவர்களையும் அனுப்புவார்களாம். உன்னிடமிருந்து புது ஜோடிகள் வர வேண்டும் என்று ஸ்டோரில் காத்திருக்கிறார்கள். மனுவைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டேன். கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்?

இருதயராஜ்

*

786
ஆம்பூர்
1917 டிசம்பர் 27

தோஸ்த்,

உன் கடிதம் வந்து சேருவதற்கு முன்னாலேயே, நீ வருவாய் என்று உன் தம்பி ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். அடுத்த தடவை இப்படிச் செய்யாதே.

ஜோடிகளை ரயிலில் ஏற்றியாயிற்று. எல்லாம் கொழுத்த கட்டையில் தைத்ததுதான். இப்போது துண்டு ஒட்டுகிற வேலை முழுக்க அந்தோணியுடையது. வேறு யாரையும் தொடவிட மாட்டேன் என்கிறான்.

உன் கடிதத்தை அவனுக்கு வாசித்தேன். கையை நிறுத்தாமல் கேட்டான். "சரி, இவனுங்களும் போவட்டும்" என்றான். பிறகு பசையைத் தடவிக்கொண்டே, "பாய், கடைசிக் கப்பல் எப்பப் போவும்னு அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரிந்தால் எழுது. தினமும் கேட்கிறான்.

கலீமுல்லா